நுவரெலியா கோல்ஃப் மைதானம்: மலையேறிப் போய் ஆடத் தகுமா?

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் கோல்ஃப் ஆடுவதற்கென்றே போகலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், அவர்களுக்கு டிரைவர் மட்டையின் மீது எவ்வளவு பற்று என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். குழிக்குக் குழி அந்த நீண்ட மட்டையை எடுத்து முழு வலிமையோடு வீசுவதே ஆட்டத்தின் இன்பம் என்று கருதுபவர், ஐந்தாறு மணிநேரம் மலைப்பாதையில் வளைந்து ஏற வேண்டியதில்லை. கண்டிக்கு அருகே, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட மைதானம் அவருக்குப் பொருந்தும். பந்தை எவ்வளவு தூரம் அனுப்பலாம் என்பதைவிட அதை எங்கே நிறுத்தலாம் என்று யோசிப்பதில் மகிழ்ச்சி காண்பவருக்கோ, இலங்கையில் நான் ஆடியவற்றுள் நுவரெலியாவுக்கு இணையான இடம் வேறில்லை.

கொழும்பில் 1879இல் கோல்ஃப் கழகம் தோன்றிப் பத்தாண்டுகள் கழித்து, 1889இல், மலைநாட்டில் குடியேறியிருந்த பிரித்தானியர்களுக்காக உருவானது இந்த மைதானம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் அடிவாரத்தில், நகரத்தின் நடுவிலேயே அது விரிந்து கிடக்கிறது. பழைய செங்கல் தபால் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெளியே வாகன இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே சைப்ரஸ், யூகலிப்டஸ் மரங்களுக்கு இடையில் நின்று பந்தைக் குறிபார்ப்பது முதல் முறை வருபவருக்குச் சற்று விந்தையாகத்தான் இருக்கும்.

18 குழிகளைக் கொண்ட இந்த மைதானம் இன்றைய அளவுகோலின்படி நீளம் குறைந்தது. அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணிப்பை நான் ஏற்கவில்லை. ஃபேர்வேக்கள், அதாவது பந்தை அனுப்ப வேண்டிய புல்வெளிப் பாதைகள், ஒடுங்கியவை. இருபுறமும் மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்கு அடியில், பிரித்தானியர் காலத்தில் வந்து மலைநாடெங்கும் பரவிவிட்ட, மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் மண்டியிருக்கும். அதற்குள் போன பந்தைத் தேடிக் கையைக் கீறிக்கொள்வதைவிட ஒரு அடியைத் தண்டமாகக் கொடுத்துவிட்டு அடுத்த பந்தை எடுப்பதே நல்லது. ஆட்டப் பாதையின் குறுக்கே ஓடைகளும் வருகின்றன. ஆகவே நேராக அடிக்கத் தெரியாதவரின் வலிமை இங்கே அவருக்கே பகையாகிவிடுகிறது. இத்துடன் உயரத்தின் விளைவும் சேர்கிறது: காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து கடற்கரை நகரத்தில் செல்வதைவிடச் சில விழுக்காடு கூடுதலாகப் பறக்கும். அதிகாலைக் குளிர் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். கொழும்பின் கணக்கையே மனத்தில் வைத்துக்கொண்டு மட்டையைத் தேர்ந்தெடுத்தால் முதல் சில குழிகளில் பந்து, துளையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைத் தாண்டிப் போய் விழுவதைப் பார்க்க நேரிடும்.

இதனால்தான் பையைச் சுமந்து உடன்வந்து வழிசொல்லும் கெடியின் சொல் இங்கே மற்றெந்த மைதானத்தைக் காட்டிலும் மதிப்புடையது என்கிறேன். எனக்கு இதுவரை வாய்த்த கெடிகள் அனைவரும் மலையகத் தமிழர்கள். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். இந்த நிலத்தின் சரிவுகளை அவர்கள் வீட்டு முற்றத்தைப் போல அறிந்திருக்கிறார்கள். "சேர், டிரைவர உள்ள வைங்க. அஞ்சாம் நம்பர் அயன்ல அந்த மரத்துக்கு இடப்பக்கம் போட்டாப் போதும், அதுக்கு அங்கால தண்ணி இருக்கு" என்று, தூரம் குறைந்த இரும்புத்தலை மட்டையைக் காட்டி ஒருவர் சொன்னபோது, எனக்குத் தண்ணீர் தெரியவே இல்லை. அவர் சொன்னபடி ஆடியதால் அந்தக் குழியை நான்கே அடிகளில் முடித்தேன். கிரீனில் பந்து உருளும் வழியைக் கணிக்கும்போதும் அப்படியே: பெரிய மலையொன்று பின்னணியில் நிற்கும்போது கண் சமநிலத்தைச் சரிவாகவும் சரிவைச் சமநிலமாகவும் காட்டிவிடும், அவர்களுக்கோ அந்த மயக்கம் இல்லை. பையைத் தூக்கி வருவதற்கு ஆள் தேவையில்லை என்று எண்ணுபவரும், வழி சொல்வதற்காகவேனும் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தாராளமாகக் கொடுக்கவும் வேண்டும். அந்தப் பேச்சைத் தமிழிலேயே கேட்டு ஆடக் கிடைப்பது நமக்குக் கூடுதல் பேறு.

காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் இவ்வளவும் வீணாகும். மே முதல் தென்மேற்குப் பருவமழை மலையை நனைக்கிறது. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களிலும் மழை விடுவதில்லை. ஈரமான புல்லில் பந்து உருளாது; நீளம் குறைந்த மைதானம் என்ற கணக்கும் அப்போது பொய்த்துவிடும். ஏப்ரலில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும் 'சீசன்' என்பதால் அறை வாடகை மிகவும் உயர்ந்து, நகரமே நிரம்பி வழியும். ஆக எஞ்சுவது ஜனவரி இறுதி முதல் மார்ச் வரையிலான காலம். அந்நாட்களில் சில விடியல்களில் புல்மீது உறைபனிகூடப் படியும் என்பதால், வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு, எட்டரை அல்லது ஒன்பது மணிக்குத் தொடங்குவது நலம். மார்ச் பிற்பகுதியில் போகிறவர்கள் பிற்பகல் இடியை மனத்தில் கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டுக் கொன்றவரும், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவருமான மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் கல்லறை இந்த மைதானத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மரங்கள் நிறைந்த திறந்தவெளியில் உலோக மட்டையோடு நிற்பவர், முதல் முழக்கம் கேட்டதும் எத்தனையாவது குழியில் இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

உறுப்பினர் அல்லாதவர்களும் தற்காலிக உறுப்பினராகப் பதிந்து, கட்டணம் செலுத்தி ஆடலாம். காலர் வைத்த சட்டை அவசியம். மட்டைகளை வாடகைக்கு எடுக்கலாம் என்பதால், நானுஓயா வரை ரயிலில் வருகிறவர்கள் கனத்த பையைச் சுமந்து அல்லல்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளில் ஏறி ஆடிவிட்டு இறங்கிவிடலாம் என்ற திட்டத்தோடு யாரும் வர வேண்டாம். முதல் சுற்றில் இந்த மைதானம் புதிராக மட்டுமே தெரியும். எந்தக் குழியில் எந்த மட்டையைப் பைக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டும் என்பது அன்றிரவுதான் விளங்கும். மறுநாள் காலையில், முடிந்தால் அதே கெடியையே அழைத்துக்கொண்டு, இரண்டாவது சுற்று ஆட வேண்டும்.