டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதா, நகலெடுப்பதா?

யாங்கோனில் எங்கள் வீட்டு லேப்டாப் ஓய்ந்துபோனது. தாத்தா காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து வைத்ததெல்லாம் அதற்குள்தான். புதியது வாங்கியதும் வந்த கேள்வி: பழைய டிஸ்க்கையே கழற்றி இதில் மாட்டலாமா?

பொருந்தினால் பத்து நிமிட வேலை. ஆனால் பழையது 2.5 அங்குல சாட்டா (பழைய வகை இணைப்பு) டிஸ்க். இன்றைய மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் எம்.2 எனப்படும் சின்ன அட்டை வடிவ டிஸ்க்குக்கான இடம் மட்டும்தான். 2.5 அங்குல இடம் இருந்தாலும், 7 மி.மீ. உயர இடத்தில் 9.5 மி.மீ. தடிமனான டிஸ்க் நுழையாது. நுழைந்தாலும் பழைய விண்டோஸ் புது மதர்போர்டில் கிளம்பும் என்று நம்ப முடியாது. சுழலும் டிஸ்க்கின் மந்தமும் கூடவே வரும்.

பழைய டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் (யூஎஸ்பி வழியே இணைக்க உதவும் பெட்டி) போட்டு நகலெடுப்பது மெதுவானது. 500 ஜிபி என்றால் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் இன்னும் கூடும். நம் ஊரில் நடுவில் கரண்ட் போகுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும் என்பதால், லேப்டாப்பில் முழு சார்ஜ் இருந்தால் சமாளிக்கலாம்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் எந்த வழியிலும் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படலாம். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

நான் நகலெடுத்தேன். பழைய டிஸ்க் இப்போது அலமாரியில், இரண்டாவது பிரதியாக.