எல்லை அளக்கக் கூப்பிட்ட சர்வேயர்: நாலு ஸ்டார்

வேலி போடுவதற்கு முன் எல்லையைக் குறித்துத் தரச் சொல்லி ஒரு தனியார் சர்வேயரைக் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் நானே அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலம் அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு நாலு மூலைக்கும் நடந்தேன். காலையில் ஒரு பரப்பு, சாயங்காலம் வேறு பரப்பு. போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியிலும் சுவரோரத்திலும் இன்னும் மோசம். உத்தேசமாகப் பரப்பு பார்க்கச் சரி, வேலிக்கால் நட ஆகாது. அப்புறம் டேப் பிடித்து அளந்தேன். பத்திரத்தில் உள்ள நாலு பக்க அளவும் ஒத்துவந்ததில் ஒரே சந்தோஷம்.

வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "மூலைக்கு மூலை குறுக்கே அளந்தீங்களா சார்?" இல்லை. ஆணி தளர்ந்த கட்டில் சட்டம் சாய்கிற மாதிரிதான், நாலு பக்கமும் அதே நீளத்தில் இருக்கும்போதே வடிவமும் பரப்பும் மாறிவிடும். ஒரு மூலைவிட்டமாவது தெரிந்தால்தான் நிலம் ஒரு இடத்தில் நிற்கும். சரிவில் டேப்பைத் தரையோடு போட்டதும் தப்பாம். நில அளவு கிடைமட்டத்தில்தான் கணக்கு, 10 டிகிரி சரிவில் தரையோடு 100 மீட்டர் என்றால் வரைபடத்தில் அது 98.5 மீட்டர்தான்.

எனக்குப் பிடித்தது அவர் வேலை செய்த விதம். தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் மெஷின் பெட்டியை முதல் ஒரு மணி நேரம் திறக்கவே இல்லை. பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடப்பாரையால் குத்திக் குத்திப் பழைய எல்லைக்கல்லைத் தேடினார், நானோ இவருக்கு எதற்குக் கூலி என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஒரு முழ ஆழத்தில் 'டக்'கென்று கேட்டது. தோண்டி, கல்லின் தலையில் அப்பியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்தார், உள்ளே செதுக்கிய கூட்டல் குறி. அப்போதும் நம்பவில்லை மனிதர். யாரோ பிடுங்கி நகர்த்தி நட்ட கல்லும் பார்க்க இப்படித்தானே இருக்கும்? சுற்றிலும் இன்னும் மூன்று கல்லைக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து இதற்குள்ள தூரம் வரைபடத்தோடு ஒத்துப்போன பிறகுதான் மெஷினுக்கான முக்காலியை நிறுத்தினார். அதற்குமேல் மெஷின் வேலை மளமளவென்று முடிந்தது. நான் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த கோடு பக்கத்து நிலத்துக்குள் 40 செ.மீ. போயிருந்தது. நல்லவேளை, பக்கத்துக்காரரையும் கூட நிற்கச் சொன்னால்தான் வருவேன் என்று முதலிலேயே நிபந்தனை போட்டிருந்தார், அதனால் பக்கத்துக்காரர் முன்னாலேயே கோட்டை அழித்தேன், பேச்சு வளரவில்லை.

ஒரு ஸ்டார் குறைந்தது முடித்த விதத்துக்கு. புது மூலைகளில் கல்லுக்குப் பதில் மரமுளை அடித்துவிட்டுப் போனார், முதல் மழையிலேயே ஒன்று சாய்ந்துவிட்டது. கொடுத்த வரைபடத்தில் பக்க நீளம் மட்டும் இருந்தது. மூலைகளின் கோஆர்டினேட்டை, அதாவது ஒவ்வொரு மூலையும் இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்களை, மூன்று முறை போன் பண்ணி வாங்க வேண்டியிருந்தது. அது கையில் இருந்தால் கல் காணாமல் போனாலும் அதே இடத்தில் திரும்ப நடலாம். கூப்பிடுகிறவர்கள் இந்த இரண்டையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், மீதிப் பணத்தை அது வந்த பிறகு கொடுங்கள்.