கப்பல் டூர் போறீங்களா: சென்னை, சிங்கப்பூர், அலாஸ்கா, மொம்பாசா... ஊசி, டெஸ்ட் ரூல்ஸ்ல எது தலைவலி கம்மி?

குன்னூர் கோத்தகிரி பக்கம் ரிட்டயர் ஆனவங்க நாலு பேர் சேந்தா இப்ப கப்பல் டூர் பேச்சுதான் ஓடுது, அதுல முதல் கேள்வி எப்பவும் இதுதான்: "ஏம்பா, அந்த கோவிட் சர்டிபிகேட்ட இன்னும் கேக்குறாங்களா, மூக்குல குச்சி விடுவாங்களா?" நேராவே சொல்லிடுறேன், இப்ப பெரிய கப்பல்கள்ல பொதுவா கோவிட் ஊசியும் கேக்கறதில்ல, டெஸ்டும் கேக்கறதில்ல. ஆனா அதோட விட்டுட முடியாது. எல்லாரும் கப்பல் கம்பெனி என்ன சொல்லுதுன்னு மட்டும் பாக்குறாங்க, நிஜத்துல நம்மள மடக்குறது கம்பெனி இல்ல, கப்பல் போய் நிக்கிற துறைமுகமும், நாம திரும்பி வந்து இறங்குற ஏர்போர்ட்டும்தான். அந்த ஒரு விஷயத்த வச்சு மட்டும் நாலு ரூட்டையும் பாப்போம். சாப்பாடு, ரூம், பால்கனி எல்லாம் வேற யாராவது எழுதட்டும்.

ரூல் மாறிட்டே இருக்கறது நீலகிரிக்காரங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல. கோவிட் டைம்ல ஈ-பாஸ் வந்துச்சு, போச்சு, 2024 மே 7ல ஐகோர்ட் உத்தரவுல மறுபடி வந்துச்சு, 2025 ஏப்ரல்ல வண்டி எண்ணிக்கைக்கே லிமிட் போட்டாங்க, வார நாள்ல 6000, சனி ஞாயிறுல 8000. கப்பல் ரூலும் அதே தினுசுதான். 2020 பிப்ரவரில ஜப்பான் யோகோஹாமால நிறுத்தி வச்ச டயமண்ட் பிரின்சஸ் கப்பல்ல 3711 பேர் இருந்தாங்க, 700 பேருக்கு மேல கோவிட் தொத்திக்கிச்சு. அடுத்த மாசமே அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி கப்பலே ஓடக்கூடாதுன்னு சொல்லிருச்சு, அக்டோபர் கடைசில நிபந்தனையோட ஓடலாம்னாங்க, அப்புறம் பயணிகள்ல 95 சதவீதம், ஊழியர்கள்ல 98 சதவீதம் ஊசி போட்டிருந்தா சோதனை ஓட்டம் இல்லாமலே கிளம்பலாம்னு ஒரு வழி விட்டாங்க, 2022 ஜனவரில அதெல்லாம் கம்பெனியோட விருப்பம்னு ஆச்சு, அதே வருஷம் ஜூலை 18ல சிடிசி அந்தத் திட்டத்தையே மூடிட்டாங்க. அன்னிக்கு கேட்டதுல முக்கால்வாசி இன்னிக்கு இல்ல, ஆனா இன்னிக்கு இருக்கறது அப்படியே இருக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல.

முதல்ல சென்னைலயே ஏறுற கப்பல். 2022 ஜூன்ல கார்டிலியாங்கற கப்பல் கம்பெனி சென்னைல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ஜூன்ல இலங்கைக்கும் விட்டாங்க, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு. ரூல்ஸ் பக்கம் பாத்தா இதுக்கு ஈடே இல்ல. மேட்டுப்பாளையத்துல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலைல சென்னை, நடுவுல எந்த ஏர்போர்ட்டும் இல்ல, வேற நாட்டு ட்ரான்சிட்டும் இல்ல. இந்தியாவுக்குள்ளயே சுத்தி வர்ற ட்ரிப்னா ஐடி கார்டு, உடம்பு சரியில்லையான்னு கேக்குற ஒரு ஃபார்ம், அவ்ளோதான். இலங்கைனா பாஸ்போர்ட்டும் அவங்க நாட்டு அனுமதியும் சேத்துக்கணும். ஆனா "நம்ம நாட்டுக்குள்ளதானே"ன்னு ரொம்பவும் நம்பிடாதீங்க. 2022 ஜனவரில மும்பைலேந்து கோவா போன கப்பல்ல 66 பேருக்கு பாசிட்டிவ் வந்து, அவங்களோடயே கப்பல் மும்பைக்குத் திரும்புச்சு. ஒவ்வொரு மாநிலமும் தன் துறைமுகத்துல யார இறக்கணும்னு அன்னிக்கு முடிவு பண்ணிக்கும்.

அடுத்தது சிங்கப்பூர். நம்ம ஆளுங்களுக்கு இதுதான் பிடிக்கும், கோயம்புத்தூர்லேந்தே நேரடி ஃப்ளைட் இருக்கு, மலை இறங்கினா ஏர்போர்ட். ஹெல்த் பக்கம் இப்ப இருக்கறது எஸ்ஜி அரைவல் கார்டு, போய்ச் சேர்றதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், உடம்பு பத்தின கேள்வி அதுலயே வந்துரும், காசு கிடையாது. காசு கேக்குற வெப்சைட் வந்தா அது அரசாங்கத்தோடது இல்லன்னு புரிஞ்சுக்கங்க, பெரியவங்க நிறைய பேர் அங்கதான் ஏமாந்து போறாங்க.

ஆனா சிங்கப்பூர் ரூட்ல ஒரு முள் இருக்கு, அதுக்கு சிங்கப்பூர் காரணமே இல்ல. வெளிநாட்டுலேந்து வர்றவங்க உடம்பு பத்தி ஆன்லைன்ல போட வேண்டியிருந்த ஏர் சுவிதா ஃபார்மையே 2022 நவம்பர்ல இந்தியா தூக்கிருச்சு, எல்லாரும் நிம்மதியா டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டாங்க. சீனால கேஸ் ஏறினதும் 2023 ஜனவரி 1லேந்து சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, தாய்லாந்து, சிங்கப்பூர் இந்த ஆறு இடத்துலேந்து இந்தியாவுக்கு வர்றவங்க கிளம்புறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள ஆர்டி-பிசிஆர் எடுத்திருக்கணும்னு சொல்லிட்டாங்க. பிப்ரவரி நடுவுல அந்த ரூல தூக்கிட்டாங்க, ஆனா இடைல மாட்டினவங்க நிலைமைய யோசிங்க. போறப்ப ஒண்ணும் கேக்கல, கப்பல்ல ஏறப்ப கேக்கல, சொந்த ஊருக்கு வர்றதுக்கு டெஸ்ட். அதுவும் நாலு ராத்திரி கடல்ல இருந்துட்டு காலைல இறங்கி மத்தியானமே ஃப்ளைட் பிடிக்கறவங்க சாம்பிள எங்க போய் எப்ப குடுப்பாங்க? சிங்கப்பூர் ரூட் எடுத்தா கப்பல் இறங்கின அன்னிக்கே ரிட்டர்ன் ஃப்ளைட் போடாதீங்க, ஒரு ராத்திரி அங்க தங்குற மாதிரி வச்சுக்கங்கன்னு நான் எல்லார்ட்டயும் சொல்றது இதனாலதான்.

அலாஸ்கா, ஐரோப்பா ரூட்ட பத்தி இப்ப சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. கனடா 2022 அக்டோபர் 1லயே கோவிட் ரூல் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, அமெரிக்கா ஃப்ளைட்ல வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு இருந்த ஊசி ரூல 2023 மே மாசம் எடுத்தாங்க. வான்கூவர்ல ஏறி அலாஸ்கா போறவங்களுக்கு இப்ப தலைவலி விசாதான், ஊசி இல்ல. ஐரோப்பானா ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மெடிக்கல் கவர் இருக்குற இன்சூரன்ஸ் கேப்பாங்க, அது வேற கணக்கு. பழைய கதை ஒண்ண மட்டும் மறக்க வேண்டாம், ஊசி போட்டா மட்டும் பத்தாது, எந்த ஊசிங்கறதும் இருந்துச்சு. கோவாக்சின் போட்டவங்க உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3ல ஒத்துக்கற வரைக்கும் பல நாட்டு வாசல்ல நின்னாங்க, கோவிஷீல்டு போட்டவங்கள ஐரோப்பால சில நாடு ஏத்துச்சு, சில நாடு ஏத்துக்கல. கோவின் சர்டிபிகேட்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி இல்லாம இனிஷியல் முன்னபின்ன இருந்து அலைஞ்ச தமிழ்நாட்டுக்காரங்க எத்தன பேர். அந்த சர்டிபிகேட்ட டிலீட் பண்ணிடாதீங்க, போன்ல ஒரு ஓரமா கிடக்கட்டும்.

இப்ப கடைசி ரூட், உண்மையான வேலை இங்கதான் இருக்கு. பிரேசில், கொலம்பியா, பனாமா கால்வாய், இந்தப் பக்கம் கென்யாவோட மொம்பாசா. கோவிட் ரூல் வரும் போகும், மஞ்சக்காய்ச்சல் (யெல்லோ ஃபீவர், மஞ்சக்காமாலை இல்ல) ஊசி ரூல் அசையவே அசையாது. அந்த நாடுங்கள்ல இருந்துட்டு, இல்ல அதுவழியா ட்ரான்சிட் ஆகி, ஆறு நாளுக்குள்ள செல்லுபடியான சர்டிபிகேட் இல்லாம இந்தியால வந்து இறங்கினா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க, நீங்க இந்தியரா வெளிநாட்டுக்காரரான்னு பாக்க மாட்டாங்க. கப்பல்ல மொம்பாசால ஒரே ஒரு பகல் நின்னாலும் கென்யா கென்யாதான். கப்பலே கிடையாது, எத்தியோப்பியாவோட அடிஸ் அபாபா வழியா ஃப்ளைட் மாறினேன்னாலும் கேக்கலாம், விலை கம்மின்னு ஏஜெண்ட் போட்டுக் குடுக்குற டிக்கெட்ல இத யாரும் பாக்கறதில்ல.

ஊசி ஒரே டோஸ்தான். போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்டிபிகேட் செல்லும், அதனால கிளம்புற வாரம் ஓட முடியாது. 2016 ஜூலை 11லேந்து அது ஆயுசுக்கும் செல்லும், பத்து வருஷம்னு அச்சடிச்ச பழைய மஞ்சப் புத்தக சர்டிபிகேட்டும் சேத்துதான், பணம் வாங்கிட்டு மறுபடி போடச் சொன்னா போடாதீங்க. மத்திய சுகாதார அமைச்சகம் லிஸ்ட்ல இருக்குற சென்டர்ல போட்டாதான் கணக்கு, சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கு, முன்னாடியே கேட்டு தேதி வாங்கிட்டுப் போங்க, ஒரிஜினல் பாஸ்போர்ட்ட மறக்காதீங்க. குன்னூர்ல சிம்ஸ் பார்க் பக்கத்துல 1907லேந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கே, நாய்க்கடி ஊசில ஆரம்பிச்சு முத்தடுப்பு ஊசி வரைக்கும் செஞ்ச இடம், அங்க போட மாட்டாங்களான்னு ஒரு அக்கா கேட்டாங்க. ஊசி தயாரிக்கற இடம் வேற, பயணத்துக்கு சர்டிபிகேட் குடுக்கற சென்டர் வேற, அந்த லிஸ்ட்ட பாத்துட்டே பஸ் ஏறுங்கக்கா.

வயசானவங்களோட போறீங்கன்னா இந்த ரூட்டே வேண்டாம்னுதான் சொல்வேன். இது உயிருள்ள கிருமிய பலவீனமாக்கி செய்யற ஊசி, 60 வயசுக்கு மேல முதல் தடவை போடறவங்களுக்கு கடுமையான பக்க விளைவு வர்ற வாய்ப்பு, அபூர்வம்தான்னாலும், இளசுங்கள விட கூட. முட்டை அலர்ஜி ரொம்ப இருக்கறவங்க, எதிர்ப்பு சக்திய குறைக்கற மாத்திரை சாப்பிடறவங்க போடக்கூடாது. டாக்டர் விலக்கு எழுதிக் குடுக்கலாம், ஆனா இறங்குற நாடு அத ஏத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போற டூர்ல இவ்ளோ ரிஸ்க் எதுக்கு, திருகோணமலை நல்லாத்தான் இருக்கு.

எந்த ரூட்டா இருந்தாலும் மாறாத விஷயமும் இருக்கு. ஏறப்ப வாந்தி பேதி காய்ச்சல் இருக்கான்னு கேப்பாங்க, மறைக்காதீங்க. வாந்தி பேதிய உண்டாக்கற நோரோ வைரஸுக்கு மக்களுக்குப் போடற மாதிரி ஊசி கிடையாது, சானிடைசரும் அத சரியா கொல்லாது, சோப்பு போட்டுக் கழுவறதுதான். அமெரிக்கத் துறைமுகம் தொடற கப்பல்ல 3 சதவீதம் பேருக்கு வயித்துக் கோளாறு வந்தா சிடிசி பேர் போட்டு வெளியிடும், போறதுக்கு முன்னாடி உங்க கப்பல் பேர அதுல தேடிப் பாக்கலாம். மாசமா இருக்கறவங்களுக்கு 24 வாரம் ஆயிருச்சுன்னா பெரும்பாலான கம்பெனி ஏத்தாது.

டெஸ்ட் ரூல் திரும்ப வந்தா மலைக்காரங்க ஒண்ணு பண்ணுங்க, சாம்பிள மேல குடுத்துட்டு ரிசல்ட்டுக்காக காத்திருக்காதீங்க. 72 மணி நேரம் சாம்பிள் எடுத்ததுலேந்து ஓடும், நவம்பர் மழைல பர்லியாறு பக்கம் மண்ணு சரிஞ்சு ரோட்ட அடைச்சா கோத்தகிரி சுத்திதான் இறங்கணும், அதுவும் அடைச்சா கேக்கவே வேண்டாம். முந்தின நாளே இறங்கி கோயம்புத்தூர்ல குடுங்க. அப்புறம் கப்பலுக்கு முழுப்பணம் கட்டுற கடைசி தேதி பொதுவா கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி வரும், அதுக்கப்புறம் கேன்சல் பண்ணினா திரும்ப வர்றது கம்மி, அதனால ரூல்ஸ கடைசியா ஒரு தடவை அலசிப் பாக்கற நாள் கிளம்புற நாள் இல்ல, அந்தப் பணம் கட்டுற தேதிக்கு முந்தின நாள். கம்பெனி பேஜ் மட்டும் இல்ல, கப்பல் நிக்கிற ஒவ்வொரு நாட்டோட பேஜ், நம்ம நாட்டு சுகாதார அமைச்சகத்தோட பேஜ், எல்லாத்தையும் பாத்துட்டு காச கட்டுங்க.