பாவித்த பலா அலுமாரியும் புதிய மெலமைன் அலுமாரியும்: ஐந்து வருடப் பாவனையின் பின்

2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக, மின்தூக்கி இல்லாத கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். முற்பணம் கட்டியபின் தளபாடங்களுக்கென்று கையில் எஞ்சியது 75,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கு மேல் பாவித்துவிட்டதால், அதில் எந்தக் காசு பயன் தந்தது, எது வீணானது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் 26,000 ரூபாய்க்குப் புதிய மெலமைன் அலுமாரி வாங்கினோம். கடைக்காரர்கள் அன்றைக்கே கொண்டுவந்து பூட்டித் தந்தார்கள். வெள்ளை நிறத்தில் அறையே வெளிச்சமானது போலிருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் யன்னலால் அடித்த தூவானம் அதன் காலடியில் தேங்கியபோது, அடிப்பலகையின் ஓரம் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல ஊதிவிட்டது. மரத்தூளைப் பசையுடன் அழுத்திச் செய்யும் பலகை அது. ஓரத்தில் ஒட்டிய நாடா பிரிந்தால் ஈரத்தை உறிஞ்சும். ஊதிய இடம் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. கதவு சரிந்து பிணைச்சலின் திருகாணிகள் ஒருமுறை பிடுங்கிக்கொண்டபின், அதே துளையில் அவை மீண்டும் இறுகவேயில்லை. நான்காம் வருடம் அதைக் கழற்றி அப்புறப்படுத்தினோம்.

இரண்டாவது அலுமாரியைத் தெஹிவளையில், வெளிநாடு செல்லவிருந்த குடும்பமொன்றிடம் 18,000 ரூபாய்க்கு வாங்கினோம். பலா மரம்; கதவிலே மங்கிப்போன கண்ணாடி. பட்டா எனும் சிறிய லொறிக்கு 3,000, தூக்கியவர்களுக்கு 2,000, பின்கால் ஒன்றை மாற்றி வார்னிஸ் பூசிய தச்சுப் பாஸுக்கு (தச்சருக்கு) 5,500 என்று மொத்தம் 28,500 ஆனது. புதியதைவிடக் கூடவாயிற்றே என்று அன்று மனம் வருந்தினேன். ஆனால் இன்றுவரை அதன் கதவு ஒரு நூல்கூடச் சரியவில்லை. லாச்சிகளில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் ஒரு விரலால் இழுக்கலாம்.

வாங்குவதற்கு முன் அந்தப் பாஸ் எனக்குக் காட்டித் தந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் அலுமாரியின் முகப்பைப் பார்க்கவில்லை. லாச்சியை முழுவதுமாக வெளியே எடுத்துக் கவிழ்த்தார். பொலிஷ் படாத உட்புறத்தில்தான் மரத்தின் உண்மையான நிறம் தெரியும். பலாவின் வைரம், அதாவது உறுதியான நடுமரம், மஞ்சளாக இருந்து, காலம் போகப் போகச் செம்பழுப்பாகும். வெளிறிய வெளிமரம் கலந்திருக்கும் இடத்தில்தான் மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி முதலில் ஏறும். பிறகு அலுமாரியின் கீழே பத்திரிகைத் தாளை விரித்து, பக்கப் பலகைகளைக் கையால் தட்டினார். ஊசித் துளைகள் இருந்தாலும் மாப்போன்ற தூள் புதிதாக விழாவிட்டால் பூச்சி அநேகமாகப் போய்விட்டது என்றும், விழுந்தால் இலவசமாகத் தந்தாலும் வீட்டுக்குள் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அன்று தாளில் விழுந்தது தூசி மட்டுமே.

கட்டில் விடயத்தில் நான் தவறினேன். மலிவென்று வாங்கிய பாவித்த இரும்புக் கட்டில், உப்புக் காற்றில் இரண்டு வருடத்துக்குள் மூட்டுகளில் கறள் பிடித்து, படுக்கை விரிப்புகளையெல்லாம் கறையாக்கியது. அதைக் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் தும்பு மெத்தையை நிலத்தில் விரித்துப் படுத்துக் காசு சேர்த்து, மொறட்டுவையிலுள்ள பட்டறையொன்றில் றப்பர் மரக் கட்டில் செய்வித்தோம். றப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம் என்பதால் மருந்தூட்டிப் பதப்படுத்தாவிட்டால் பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் பற்றும். ஆகவே மரம் பதப்படுத்தியதா என்று கேட்ட பிறகே முற்பணம் கொடுத்தேன். இதுவரை குறையில்லை. மெத்தையை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பாவித்ததாக வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி வந்தால் மிச்சம் பிடித்த காசு முழுவதும் மருந்துக்கே போய்விடும்.

பிளாஸ்டிக் கதிரைகள் நான்கும் நிறம் மங்கியிருக்கின்றன, உடையவில்லை.

பெரிய பொருளை விலை பேசுமுன் உங்கள் மாடிப்படி திரும்பும் இடத்தை அளந்து எழுதி வைத்திருங்கள். எங்கள் பலா அலுமாரியின் முடிப்பலகையும் அடிப்பீடமும் தனியே கழன்றதால்தான் அது மேலே வந்தது. இல்லாவிட்டால் கீழ்த்தளத்திலேயே நின்றிருக்கும்.

உணவு மேசை இன்னும் வாங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன்.