எந்த வெர்தர், எந்த நீட்சே? ஜெர்மன் மூலங்களை இணையத்தில் படிக்க ஓர் ஒப்பீடு

கதேயின் வெர்தர் நாவலை இரண்டு பேர் இரண்டு தளங்களில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ட்சேனோ தளத்தில். இன்னொருவர், பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்தும் ஜெர்மன் உரைக் காப்பகத்தில். முதலாமவர் ஒரு பண்ணையாளைச் சந்திப்பார். விதவையான தன் எஜமானியைக் காதலித்து, வேலையை இழந்து, கடைசியில் தன் இடத்துக்கு வந்தவனையே கொன்றுவிடும் இளைஞன் அவன். வெர்தர் அவனுக்காக அதிகாரியிடம் மன்றாடுகிறான். பலிக்கவில்லை. இரண்டாமவர் நாவல் முழுக்கத் தேடினாலும் இந்தப் பண்ணையாள் கிடைக்கமாட்டான்.

இருவர் படிப்பதும் கதே எழுதியதுதான். 1774-இல் வந்த முதல் பதிப்பில் பண்ணையாள் இல்லை; 1787-இல் திருத்தி வெளியிட்டபோது கதே அவனைச் சேர்த்தார். உரைக் காப்பகம் முதல் பதிப்பைத் தருகிறது. ட்சேனோ, 20ஆம் நூற்றாண்டில் வந்த ஹாம்பர்க் பதிப்பைப் பின்பற்றி இரண்டாவதைத் தருகிறது. சுவடிப் பதிப்பு மரபு உள்ள நமக்குப் பாடபேதம் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் திரையில் படிக்கும்போது மட்டும், எங்கே திறந்தாலும் ஒரே நூல்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

அதனால் எந்தத் தளத்தில் நூல்கள் அதிகம், எது பார்க்க அழகு என்பதை இங்கே நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கேள்விகளை வைத்தே ஒப்பிடுகிறேன். இந்த உரை எந்த அச்சுப் பிரதியிலிருந்து, அல்லது எந்தக் கைப்பிரதியிலிருந்து வந்தது என்று தளம் சொல்கிறதா? நான் காட்டும் வரியை இன்னொருவர் அதே இடத்தில் போய்ப் பார்க்க முடியுமா?

படிப்பதற்கு மட்டும் என்றால்

புரொயெக்ட் குட்டன்பெர்க்-டிஇ 1994-இல் தொடங்கியது. பல ஆண்டுகள் ஷ்பீகல் இதழின் இணையதளத்தோடு சேர்ந்து இருந்தது. அமெரிக்காவின் புராஜெக்ட் குட்டன்பெர்க்கும் இதுவும் ஒன்றல்ல. பெயர் ஒற்றுமையால் பலரும் குழம்புகிறார்கள். மாலையில் உட்கார்ந்து ஒரு கதை படிக்க வேண்டும், அதிகம் பேசப்படாத ஒரு 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளரைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றால் இது போதும். ஆனால் அச்சு நூலின் பக்க எண் பெரும்பாலும் இருக்காது. ஆய்வுக் கட்டுரையில் இதை மேற்கோள் காட்டினால், படிப்பவர் அந்த வாக்கியத்தை அத்தியாயம் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

ட்சேனோ இந்த விஷயத்தில் ஒரு படி மேல். முன்பு குறுந்தகடுகளாக விற்ற ‘டிஜிட்டல் நூலகம்’ வரிசையின் உரைகள்தான் 2007-இல் ட்சேனோவாக இணையத்துக்கு வந்தன. உரையின் நடுவிலேயே அச்சுப் பதிப்பின் பக்க எண் அடைப்புக்குறிக்குள் நிற்கும். அடியில் எந்தப் பதிப்பு, எந்தத் தொகுதி என்று இருக்கும். மாறாத முகவரி ஒன்றும் தருவார்கள். தோற்றம் பழையது, தேடல் சுமார்தான். ஆனால் நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு பதில் சொல்கிறது. இதே இலக்கிய உரைகளை டெக்ஸ்ட்கிரிட் என்ற ஆய்வுத் திட்டம் வாங்கி, உரையின் பகுதிகளைக் கணினிக்கு அடையாளம் காட்டும் எக்ஸ்எம்எல் குறியீட்டோடு, பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான நாவல்களை ஒன்றாகக் கணினியில் அலச நினைப்பவர்கள் நேராக அங்கே போவது நல்லது.

முதல் பதிப்பு வேண்டும் என்றால்

ஜெர்மன் உரைக் காப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் 1600 முதல் 1900 வரையிலான நூல்களின் முதல் பதிப்புகள். ஒரு பக்கம் ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தின் ஸ்கேன், பக்கத்திலேயே தட்டச்சு செய்த உரை. பழைய எழுத்துக்கூட்டலை அப்படியே விட்டிருக்கிறார்கள். பெரும்பகுதியை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, பிறகு ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார்கள். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினாலும் அன்றைய வடிவத்தைக் கண்டுபிடித்துத் தரும் வசதியும் உண்டு. கூகுள் ஸ்கேன்களில் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஃபிராக்டூரின் நீண்ட ‘எஸ்’ எழுத்தை ‘எஃப்’ என்று எடுத்துக்கொள்ளும் ஓ.சி.ஆர். (படத்திலிருந்து கணினி எழுத்தைப் படிக்கும் முறை) பிழையால், எத்தனையோ நூல்கள் கண் முன்னே இருந்தும் தேடலில் அகப்படாமல் போகின்றன.

கான்ட் விஷயத்தில் இந்தக் காப்பகம் மட்டும் போதாது. ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ 1781-இல் ரீகா நகரில் வந்த முதல் பதிப்பு இங்கே இருக்கிறது. ஆனால் கான்ட் ஆய்வாளர்கள் கான்ட்டின் மற்ற நூல்களை மேற்கோள் காட்டுவது பிரஷ்ய அறிவியல் கழகப் பதிப்பின் தொகுதி, பக்கம், வரி எண்களை வைத்துத்தான். அதற்கு பான் கான்ட் உரைத்தொகுப்புதான் வழி. முதல் 23 தொகுதிகள் அங்கே பக்க, வரி எண்களோடு உள்ளன. 1781 பதிப்புக்கும் 1787 பதிப்புக்கும் இடையே கான்ட் என்ன மாற்றினார் என்று பார்ப்பவர் இரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த பிறகு அங்கிருந்து போன மடல்களும் அறிக்கைகளும் ஹாலே நகரில் தொடர்ந்து அச்சாயின. ஹாலேயின் பிராங்கே அறநிறுவனம் அந்த அறிக்கைகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. அவற்றில் தமிழைப் பெரும்பாலும் ‘மலபார் மொழி’ என்று எழுதியிருப்பார்கள். தமிழ் என்று தேடி ஒன்றும் இல்லை என்று மூடிவிடாதீர்கள்.

நீட்சேயை எங்கே படிப்பது

இந்த ஒப்பீட்டில் எனக்குச் சந்தேகமே இல்லாத இடம் இது. நீட்சேவுக்கு நீட்சே சோர்ஸ் தளம்தான்.

காரணம் ‘அதிகார விழைவு’ என்ற புத்தகம். நீட்சே அப்படி ஒரு நூல் எழுதத் திட்டமிட்டார், பிறகு கைவிட்டார். அவர் இறந்த பின் அவருடைய தங்கை எலிசபெத்தும் நண்பர் பேட்டர் காஸ்ட்டும் குறிப்பேடுகளிலிருந்து துண்டுகளை எடுத்து அடுக்கி 1901-இல் அதை வெளியிட்டார்கள். முதலில் 483 துண்டுகள்; 1906-இல் அது 1067 ஆனது. தனி நூலாக இன்றும் அது பொதுவெளியில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ட்சேனோவில் இருப்பது கார்ல் ஷ்லெக்டாவின் 1950களின் பதிப்பு. அவர் அந்தத் தொகுப்பைக் கலைத்து, ‘எண்பதுகளின் எச்சக் குறிப்புகள்’ என்று பெயர் மாற்றினார். நேர்மையான காரியம். ஆனால் துண்டுகள் பெரும்பாலும் அதே தொகுப்பிலிருந்து வந்தவை.

இத்தாலிய அறிஞர்களான ஜார்ஜோ கோல்லியும் மட்ஸினோ மோன்டினாரியும் 1960களில் வைமரிலுள்ள கதே-ஷில்லர் ஆவணக் காப்பகத்தில் குறிப்பேடுகளையே எடுத்து, முதலிலிருந்து படித்து, கால வரிசையில் பதிப்பித்தார்கள். நீட்சே சோர்ஸின் உரை அந்தப் பதிப்பின் வழி வந்தது. பாவ்லோ தியோரியோ இயக்கும் தளம் இது. இங்கே ‘அதிகார விழைவு’ என்ற நூலே கிடையாது. குறிப்பேடுகள் மட்டும்தான்.

ஒரே ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். நிகிலிசம், அதாவது எதற்கும் பொருளோ மதிப்போ இல்லை என்னும் நிலை, பற்றி 1887 இலையுதிர் காலத்தில் எழுதியது. 9ஆம் குறிப்பேட்டுத் தொகுதியில் 35ஆம் துண்டு. குறிக்கோள் இல்லை, ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் இல்லை, உச்ச மதிப்புகள் தம் மதிப்பை இழக்கின்றன என்று தொடங்கி, பிறகு அதே மூச்சில் நிகிலிசம் இரண்டு வகைப்படும் என்று போகிறது: வலிமையின் அடையாளமாக ஒன்று, களைப்பின் அடையாளமாக இன்னொன்று. ஒரே சிந்தனை, ஒரே ஓட்டம். ‘அதிகார விழைவு’ இதை வெட்டி 2, 22, 23 என்று வெவ்வேறு எண்களில் போட்டிருக்கிறது. எண் 2-ஐ மட்டும் படிப்பவருக்கு அது ஒரு பிரகடனம். குறிப்பேட்டில் படிப்பவருக்கு, ஒரு மனிதர் தனக்குத்தானே யோசித்துக்கொண்டிருப்பது தெரியும். இந்த வித்தியாசத்தின் மேல் எத்தனையோ வியாக்கியானங்கள் நின்றிருக்கின்றன, சரிந்திருக்கின்றன.

தளத்தின் முகவரி அமைப்பும் அருமை. நூலின் சுருக்கப் பெயர், பத்தி எண் இரண்டையும் சேர்த்தால் போதும். கடவுள் இறந்துவிட்டார் என்று கூவும் பித்தனின் பகுதியை ‘எஃப்டபிள்யூ-125’ (‘மகிழ்ச்சியான அறிவியல்’ நூலின் 125ஆம் பத்தி) என்று குறித்தால் உலகில் யாரும் அதே பத்தியில் போய் நிற்கலாம். கைப்பிரதிகளின் ஸ்கேன்களும் அங்கேயே இருக்கின்றன.

தத்துவவாதி விட்கன்ஸ்டைனுக்கு நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தின் விட்கன்ஸ்டைன் சோர்ஸ் இதே வேலையைச் செய்கிறது. அவர் அச்சிடாமல் விட்டுச்சென்ற சுமார் 20,000 பக்க எச்ச எழுத்துகள். அடித்தல் திருத்தலோடு காட்டும் வடிவம் ஒன்று, சுத்தப்படுத்திய வடிவம் ஒன்று, இரண்டுக்கும் மேலே பக்கத்தின் படம். ஒரு சொல்லுக்கு மேல் இன்னொரு சொல்லை எழுதிவிட்டு, எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் விட்டுப்போவது அவர் பழக்கம். அச்சுப் பதிப்பாசிரியர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. திரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஃபாஸ்டும் காஃப்காவும்

ஃபாஸ்ட் டிஜிட்டல் பதிப்பு (முதல் முழு வடிவம் 2018) இந்த வரிசையில் மிக விரிவானது. மொத்தம் 12,111 வரிகள் கொண்ட நாடகம். கதே ஏறத்தாழ 60 ஆண்டுகள் அதைத் தொட்டும் விட்டும் எழுதினார். இந்தப் பதிப்பில் ஒரு வரியைச் சொடுக்கினால், அந்த வரி எந்தெந்தக் கைப்பிரதியில், எந்தெந்த அச்சில் எப்படி இருந்தது என்று வரிசையாக வந்து நிற்கும். கதேயின் முழுப் படைப்புகளுக்கான பழைய வைமர் பதிப்பில் (143 தொகுதிகள்) இதே தகவல் பின்னிணைப்பில் சுருக்கெழுத்துக் குறிகளாக அடைந்து கிடந்தது. அதைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். கையெழுத்துப் பக்கத்தில் ஒரு சொல் எந்த மூலையில் இருக்கிறதோ, பெயர்த்தெழுதிய பக்கத்திலும் அதே மூலையில் காட்டுகிறார்கள். ஆனால் நாடகத்தை முதல்முறை படிப்பவர் இங்கே வரவேண்டாம். வரிக்கு வரி நின்று நின்று, நாடகம் கை நழுவிப்போகும்.

காஃப்காவில் கதை வேறு. சிறந்த பதிப்பு தாளில்தான் இருக்கிறது. ‘விசாரணை’யை காஃப்கா முடிக்கவில்லை, அத்தியாயங்களை வரிசைப்படுத்தவும் இல்லை. 1925-இல் நண்பர் மாக்ஸ் பிராட் தன் கணிப்பில் அடுக்கி வெளியிட்டார். பொதுத் தளங்களில் நாம் படிப்பது பெரும்பாலும் அதன் வழி வந்த உரைதான். ரோலண்ட் ராய்ஸும் பேட்டர் ஷ்டெங்லேயும் 1997-இல் கொண்டுவந்த பதிப்பில் அந்த நாவல் 16 தனித்தனிச் சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வந்தது. இடப்பக்கம் கையெழுத்து, வலப்பக்கம் பெயர்த்தெழுதியது. வரிசையை வாசகரே முடிவு செய்யலாம். திரை செய்ய வேண்டியதைத் தாள் முந்திக்கொண்டு செய்த இடம் இது.

அதே ராய்ஸ்தான் 2009-இல் ஹைடல்பெர்க் அறைகூவலை எழுதினார். கூகுள் நூல்களைக் கேட்காமல் ஸ்கேன் செய்வதையும், ஆய்வுகளைத் திறந்த அணுக்கத்தில்தான் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி) வெளியிட வேண்டும் என்ற நெருக்குதலையும் எதிர்த்து வந்த அறிக்கை அது. ஆசிரியரின் உரிமை பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியை வாங்க முடிந்த நூலகங்கள் எத்தனை? சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஜெர்மன் கற்கும் மாணவருக்கு அந்த 16 நூல்கள் கண்ணில் படவே வாய்ப்பு குறைவு. நீட்சேயின் குறிப்பேட்டை அவர் இன்று இரவே திறந்து பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் திறந்த பதிப்புகளின் பக்கம் நிற்கிறேன்.

எது நிலைக்கும், எது பூட்டப்படும்

டிஜிட்டல் பதிப்புகள் சீக்கிரம் மூப்படைகின்றன என்ற புகார் உண்மைதான். ஆஸ்திரிய எழுத்தாளர் ராபர்ட் மூசிலின் எச்ச எழுத்துகள் 1992-இல் குறுந்தகடாக வந்தன, 2009-இல் கிளாகன்ஃபுர்ட் பதிப்பு டிவிடியாக வந்தது, பிறகு இணையத்துக்குப் போயின. ஒவ்வொரு முறையும் முந்தைய உழைப்பை அடுத்த வடிவத்துக்கு மாற்ற ஆள் வேண்டியிருந்தது. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உரையைக் கோப்பாகத் தரவிறக்க முடியுமா என்று பாருங்கள். உரைக் காப்பகம், டெக்ஸ்ட்கிரிட், ஃபாஸ்ட் பதிப்பு மூன்றிலும் முடியும்.

அப்புறம் காப்புரிமை. எஸ். ஃபிஷர் பதிப்பகம் தொடுத்த வழக்கில், தாமஸ் மான், ஹைன்ரிக் மான், ஆல்ஃபிரட் டோப்ளின் ஆகியோரின் 18 நூல்களுக்காக, அமெரிக்க புராஜெக்ட் குட்டன்பெர்க் 2018 பிப்ரவரி முதல் ஜெர்மனியிலிருந்து வருபவர்களுக்குத் தன் தளத்தையே மூடிவிட்டது. 2021-இல் சமரசம் ஆன பிறகுதான் திறந்தது. ஜெர்மனியில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60. அதனால் 1956-இல் இறந்த பிரெக்ட்டின் மூலங்கள் இந்தியாவில் 2017 முதலே கட்டற்றவை. ஜெர்மனியில் 2027 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டும். ஜெர்மன் தளத்தில் ஒரு நூல் இல்லை என்றால், இந்தியாவிலும் கிடைக்காது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆசிரியர் இறந்த ஆண்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.