ஃப்ரெஷ் கிரீமா, விப்பிங் கிரீமா, பாலாடையா?

நாலு வருடம் முன்பு மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்தேன். குறிப்பில் ஹெவி கிரீம் ஒரு கப் என்று இருந்தது. மதுரையில் எங்கள் தெருமுனைக் கடையில் கிடைத்தது ஃப்ரெஷ் கிரீம். கிரீம்தானே என்று வாங்கி வந்து பீட்டரை ஓடவிட்டேன். இருபது நிமிடம் அடித்தும் மோர் மாதிரியே இருந்தது. அரை மணி நேரத்தில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கேக்கின் மேல் ஜாம் தடவிக் கொடுத்தோம். பாத்திரம் கழுவும்போதுதான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பால் கொழுப்பு 25 சதவீதம் என்று அச்சடித்திருந்தது.

அதற்கப்புறம் விப்பிங் கிரீம், பாலாடை, தேங்காய்ப்பால், முந்திரி விழுது, வெண்ணெயும் பாலும் கலந்தது என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. இப்போது எங்கள் ஃப்ரிட்ஜில் எப்போதும் இருப்பது அதே 25 சதவீத ஃப்ரெஷ் கிரீம்தான். கேக்கின் மேல் கிரீமால் பூ வைப்பதற்கு மட்டும் வேறு. ஏன் இதிலேயே நின்றேன் என்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்த கிரீமைக் கூட்டலாம், குறைக்கலாம். தெரியாததை வைத்து எதுவும் செய்ய முடியாது.

நாம் பார்த்துச் செய்யும் பேக்கிங் குறிப்புகளில் பாதி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டவை. அமெரிக்காவில் ஹெவி கிரீம் என்றால் குறைந்தது 36 சதவீதக் கொழுப்பு. இங்கிலாந்தில் சிங்கிள் கிரீம் 18, விப்பிங் கிரீம் 35, டபுள் கிரீம் 48. நம் டப்பா இந்த வரிசையில் சிங்கிள் கிரீமுக்கும் விப்பிங் கிரீமுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே "ஹெவி கிரீமுக்குப் பதில் ஃப்ரெஷ் கிரீம் போடலாமா" என்று கேட்டால், அந்தக் கிரீம் அந்தக் குறிப்பில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நுரைத்து நிற்பது வேலை என்றால் முடியாது. அடிக்கும்போது உள்ளே போகும் காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு வேலி கட்டுகின்றன. வேலி கட்டப் போதுமான துளிகள் வேண்டும். சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலி நிற்காது. துளிகள் கெட்டியாகவும் இருக்க வேண்டும், அதனால்தான் கிரீம், கிண்ணம், அடிக்கும் கம்பி எல்லாம் ஜில்லென்று இருக்கச் சொல்கிறார்கள். மே மாத மதுரைச் சமையலறையில் 35 சதவீத கிரீமே தடுமாறும். டப்பாவை ஆட்டாமல் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே கெட்டியாகத் திரண்டதை மட்டும் எடுத்து, ஐஸ் தண்ணீரின் மேல் வைத்து அடித்தால் ஓரளவு எழும்பும். பழத்தோடு கிண்ணத்தில் கொடுக்க அது போதும். கேக்கின் மேல் வைத்தபோது எனக்கு ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

நுரை வேண்டாம், செழுமை மட்டும் போதும் என்கிற இடங்கள்தான் அதிகம். கனாஷ் (சூடான கிரீமில் கரைத்த சாக்லெட்), காரமல் சாஸ், பேக் செய்யும் கஸ்டர்ட், ஸ்கோன் என்கிற குட்டி பன், வெள்ளை சாஸ் பாஸ்தா எல்லாம் இதில் சேரும். இங்கே என் கணக்கு இதுதான்: 200 மில்லி ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு கிட்டத்தட்ட 50 கிராம். வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு. 45 கிராம் உப்பில்லாத வெண்ணெயை உருக்கி அந்த 200 மில்லியில் சேர்த்தால் மொத்தம் 35 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. கிரீமை மிதமாகச் சூடாக்கி, உருகிய வெண்ணெயைச் சேர்த்து, மிக்ஸியில் அரை நிமிடம் ஓடவிட வேண்டும். கையால் கலக்கினால் ஆறும்போது வெண்ணெய் மேலே ஏடு கட்டிவிடும். இப்படிச் செய்த கிரீமும் நுரைக்காது. வெண்ணெயாகிவிட்ட கொழுப்பு பழையபடி குட்டித் துளிகளாகத் திரும்புவதில்லை. ஆனால் ஹெவி கிரீம் கேட்ட காரமல் சாஸ் இதில் நன்றாக வந்தது, ஸ்கோனும் அப்படியே.

டபுள் கிரீம் கேட்கும் குறிப்புகளை இந்த வழியில் தொடாதீர்கள். 48 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டுமானால் அதே 200 மில்லிக்கு ஏறக்குறைய 145 கிராம் வெண்ணெய் வேண்டும். அது கிரீமாக இருக்காது, இளகிய வெண்ணெயாக இருக்கும்.

கீழே இறக்குவது இன்னும் சுலபம். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6. பச்சைப் பாலையும் கிரீமையும் சம அளவில் கலந்தால் சுமார் 15 சதவீதம். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ஹாஃப் அண்ட் ஹாஃப் (பாலும் கிரீமும் கலந்தது) 10.5 முதல் 18 வரை என்பதால் சூப்புக்கும், முட்டையும் கிரீமும் ஊற்றி பேக் செய்யும் கீஷுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

கனாஷுக்கு மட்டும் வெண்ணெய்கூடத் தேவையில்லை, சாக்லெட்டைக் கூட்டினால் போதும். சம அளவு என்று குறிப்பு சொன்னாலும் நம் வெயிலுக்கும் நம் கிரீமுக்கும் 200 கிராம் டார்க் சாக்லெட்டுக்கு 100 மில்லி கிரீம்தான் கணக்கு. கிரீமைக் கொதிக்கவிடக் கூடாது. ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிச் சாக்லெட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலக்க வேண்டும். பன்னா கோட்டா என்கிற இத்தாலியக் கிரீம் இனிப்பிலும் 25 சதவீதமே தாராளம், அங்கே பிடித்து நிறுத்துவது ஜெலட்டினோ கடல்பாசியோதான்.

இனி கிரேவி. பனீர் பட்டர் மசாலாவில் கிரீம் திரிந்துபோவதாகப் பலரும் சொல்கிறார்கள். இதற்கும் பதில் அதே எண்ணில்தான் இருக்கிறது. கொழுப்பு குறையக் குறைய, அந்த இடத்தில் பால் புரதமும் தண்ணீரும் அதிகம். தக்காளியின் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் புரதம் திரள்கிறது. 48 சதவீத கிரீம் கொதியைத் தாங்கும், 25 தாங்காது. ஆனால் திருநெல்வேலிச் சொதி வைக்கத் தெரிந்த வீட்டில் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வெந்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, கொதி வருவதற்கு முன் இறக்குவோம் இல்லையா? கிரீமுக்கும் அதே பழக்கம் போதும். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கரண்டி குழம்பைக் கிரீமில் விட்டுக் கலக்கி, பிறகு அதை வாணலியில் சேர்த்தால் எனக்கு ஒருமுறையும் திரிந்ததில்லை.

பாலாடை பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் மனம் வலிக்கிறது, ஏனென்றால் சுவையில் அதற்கு ஈடு இல்லை. காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையை ஒரு வாரம் ஃப்ரீசரில் சேர்த்து அரைத்துப் போட்ட மலாய் கோஃப்தாவும் குல்ஃபியும் டப்பா கிரீமில் வராது. அம்மா இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் பேக்கிங்குக்கு அதை நம்பி இறங்க முடியவில்லை. வெண்ணெய்க்குப் பதில் பாலாடை போட்டு இரண்டு முறை கேக் செய்தேன். முதல் தடவை பஞ்சு மாதிரி வந்தது. இரண்டாம் தடவை அதே அளவு, அதே கேக் டின், அடியில் எண்ணெய் கசிந்து நின்றது. முதல் வாரம் பச்சைப் பால், அடுத்த வாரம் ஆரஞ்சுப் பால் வாங்கியிருந்தோம். காய்ச்சிய விதம், ஆடையோடு வந்த பாலின் அளவு எல்லாமே மாறியிருக்கும். எத்தனை சதவீதம் என்று யாராலும் சொல்ல முடியாத ஒன்றைக் குறிப்பில் எப்படிப் பொருத்துவது? ஹோமோஜெனைஸ் செய்த, அதாவது கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துக் கலந்த பாக்கெட் பால் என்றால் ஆடையே சரியாகப் படியாது. இரண்டு முறை செய்ததை வைத்துத்தான் சொல்கிறேன், கைப்பக்குவம் உள்ளவர்கள் இதில் அருமையான கேக் செய்கிறார்கள் என்பதும் உண்மை.

விப்பிங் கிரீமில் இரண்டு வகை இருப்பதைக் கடையில் பலர் சொல்வதில்லை. பால் கிரீம் ஒன்று, கொழுப்பு 30, 35 என்று இருக்கும். கிடைத்தால் நல்லது, நுரைக்கவும் செய்யலாம், சமைக்கவும் செய்யலாம். ஆனால் எங்கள் பக்கம் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் எப்போதாவது கண்ணில் படுகிறது, விலையும் அதிகம். பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் உறைநிலையில் தருவது பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்த நான்-டெய்ரி விப். அடித்தால் மூன்று மடங்கு எழும்பும், வெயிலைத் தாங்கும், பூ வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். பிறந்தநாள் கேக்குக்கு நானும் இப்போது இதைத்தான் வாங்குகிறேன். ஆனால் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு. பெயரில் கிரீம் இருக்கிறது என்று இதைக் குருமாவில் ஊற்றிவிடாதீர்கள். ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு என்பதால், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருக்குமோ என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதித்திருக்கிறது. அதன் பிறகும் பாக்கெட்டில் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

முந்திரி விழுது கிரேவிக்கு மட்டும். பதினைந்து முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து மைய அரைத்தால் நாலு பேருக்கான குருமாவுக்குப் போதும். அதிலுள்ள மாவுச்சத்து சூட்டில் குழம்பைக் கெட்டியாக்குகிறது, திரிந்துபோகும் பயமும் இல்லை. கெட்டித் தேங்காய்ப்பால் நம் குழம்புகளுக்குச் சொல்லவே வேண்டாம். பேக்கிங்கில் அதன் வாசம் தேங்காயாகவே வெளிப்படும், அது பிடித்தால் நல்லது. பால் சாப்பிடாத ஒரு தோழிக்காக ஒருமுறை தேங்காய்ப்பாலில் கனாஷ் செய்தேன், நன்றாக இருந்தது. அந்த ஒரு முறைதான் என் அனுபவம்.

சவர் கிரீம் (புளிக்கவைத்த கிரீம்) கேட்கும் கேக்குகளில் கொழுப்போடு புளிப்பும் முக்கியம், சமையல் சோடா பொங்குவதே அந்தப் புளிப்பால்தான். 200 மில்லி ஃப்ரெஷ் கிரீமில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி வைத்தால் தானாகவே கெட்டியாகிவிடும். சீஸ்கேக்குக்குத் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் இன்னும் நல்லது.

வீட்டில் கிரீமே இல்லாத நாளில் முக்கால் கப் பாலும் மூன்றில் ஒரு கப் உருக்கிய வெண்ணெயும் மிக்ஸியில் அடித்தால் கிடைப்பது கிட்டத்தட்ட 27 சதவீதம், அதாவது நம் டப்பாவேதான். சூடாக இருக்கும்போதே மாவிலோ சூப்பிலோ சேர்த்துவிட வேண்டும்.

டப்பா கிரீமில் எனக்குள்ள ஒரே குறை, திறந்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான். கிரேவிக்கு வேண்டியதோ மூன்று கரண்டி. மீதியை ஐஸ் தட்டில் ஒரு குழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் ஊற்றி உறையவைக்கிறேன். உருகும்போது திப்பி திப்பியாகப் பிரியும், அதனால் கனாஷுக்கும் கஸ்டர்டுக்கும் உதவாது. தக்காளி சூப்பில் இறக்கும் நேரத்தில் இரண்டு கட்டி போட்டுக் கலக்கினால் வித்தியாசமே தெரியாது.