சிவப்புத் தொப்பிக்காரி பாட்டுப் புத்தகம், ரெண்டு வருசம் வாசிச்ச பிறகு

மாங்குளத்தில இருக்கிற சிநேகிதி ஒருத்தி நேற்று போன் எடுத்துக் கேட்டவள், உன்ர பிள்ளையளுக்கு வாசிக்கிற அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி பாட்டுப் புத்தகம் எப்பிடி, என்ர மகளுக்கும் வாங்கட்டோ எண்டு. அவள் கேக்கேக்க நான் சாக்குத் தைக்கிற ஊசியால அந்தப் புத்தகத்தைத்தான் தைச்சுக்கொண்டிருந்தனான். நடுவில நாலு ஒற்றை கழண்டு போச்சு. ரெண்டு வருசமா ஒவ்வொரு இரவும் பிரட்டினா கழரும்தான், அதுக்கு நான் கோவிக்கேல்ல. என்ர கோவம் வேற.

பாட்டு நல்ல பாட்டு. அம்மம்மா மாதிரி வேசம் போட்டுப் படுத்திருக்கிற ஓநாயிட்டை அந்தப் பிள்ளை கண் ஏன் பெரிசு, காது ஏன் பெரிசு எண்டு கேக்கிறது அடி அடியா ஏறிப் போகும், வாசிக்கிற எனக்கே நெஞ்சு இடிக்கும், சின்னவள் போர்வையை மூக்குவரைக்கும் இழுத்துப்போட்டு பல்லு வாற அடிக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். ஆனா அந்தப் பக்கத்தைப் பிரட்டின உடனை இடப்பக்கம் முழுக்க ஓநாய் வாயைத் திறந்துகொண்டு பாயுது! பாட்டில அது பாயிறதுக்கு இன்னும் எட்டு அடி கிடக்கு. பாட்டு ஒளிச்சு வச்சிருக்கிறதைப் படம் முதலே காட்டிப்போடுது. முதல்நாளே சின்னவள் "உது அம்மம்மா இல்லை, நரி" எண்டு கத்திப்போட்டாள், பிறகு மிச்ச அடியை ஆர் கேக்கிறது? படம் வடிவுதான், மயிர் மயிரா வரைஞ்சிருக்கு, ஒரு பக்கம் தள்ளிப் போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? ரெண்டு வருசமா அதை ஒரு கையால மூடிக்கொண்டுதான் வாசிக்கிறன்.

நரி எண்டது பிழையில்லை. இலங்கைக் காட்டில ஓநாய் இல்லை, இஞ்ச ராவில ஊளையிடுறது நரிதான். எங்கட வீட்டில அது இப்பவும் நரிதான்.

நான் நினைச்சும் பாக்காதது அம்மா செய்தது. வேடன் துவக்கோட நிக்கிற படம் வந்தா அம்மா ரெண்டு ஒற்றையைச் சேத்துப் பிரட்டிவிடுவா. ஏனெண்டு நான் கேக்கேல்ல, வன்னியில இருந்த ஆருக்கும் விளங்கும். வேடனுக்குப் பதிலா, கூக்குரல் கேட்டு அயலட்டைச் சனம் அலவாங்கும் தடியுமா ஓடிவந்தது எண்டு தானே அடி கட்டிப் பாடுவா, மெட்டுக் கொஞ்சமும் பிசகாது. பிள்ளையளுக்கு இப்ப அதுதான் பாட்டு. அச்சில இருக்கிறபடி நான் வாசிச்சா மூத்தவன் "பிழை" எண்டு நிப்பாட்டுவான். 1697ல பிரெஞ்சில சார்ல் பெரோ எழுதினதில வேடனே இல்லை, பிள்ளையை விழுங்கினதோட கதை முடிஞ்சுது. 1812ல கிரிம் சகோதரர் போட்டதில வேடன் வாறான், ஆனா அவனும் துவக்கை நீட்டிப்போட்டுச் சுடேல்ல, கத்திரிக்கோலை எடுத்துத்தான் வயித்தை வெட்டினவன். அவ்வளவு பேர் மாத்தின கதையை எங்கட அம்மாவும் மாத்தலாம்.

வயித்துக்குள்ள கல்லு வைக்கிற இடத்தில சின்னவள் ஒவ்வொருநாளும் கேப்பாள், "நரிக்கு நோகாதோ?" நோகும் எண்டுதான் சொல்லுறனான்.

சிநேகிதியிட்டை வாங்காதை எண்டு சொல்லிப்போட்டன். இவ்வளவு ஆசையா வாசிக்கிற புத்தகத்தை வேண்டாமெண்டிறியே எண்டு அவள் கேட்டாள். அந்த இடப்பக்கத்தை நினைச்சா எனக்கு வேற வாய் வராது. பாட்டை மட்டும் ஒரு கொப்பியில எழுதித் தாறன், அம்மாவின்ர அடியையும் சேத்து, முதல்ல பிள்ளை காதால கேக்கட்டும் எண்டனான். பாதி எழுதியாச்சு.